அத்தையின் கை நடுங்காத ஞாயிறு

அத்தைக்கு மனசு சரியில்லாமல் போனதைவிட, கை நடுங்கியதுதான் எங்கள் வீட்டில் பெரிய நோயாகப் பட்டது. மனசு உள்ளே இருக்கிறது, யார் பார்க்கப்போகிறார்கள்? கை வெளியே அல்லவா இருக்கிறது!

அத்தை என் அப்பாவின் தங்கை. நல்லம்பள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எண்பதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, தலைப்பிரசவத்துக்காகப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை. பிறந்த சில நாளிலேயே அவளுக்குத் தூக்கம் போயிற்று. சுவரைப் பார்த்துப் பேசினாள். குழந்தையைக் கிணற்றில் போடு, போடு என்று யாரோ சொல்வதாகக் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமியார் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். "பொண்ணு தெளியட்டும், வந்து பாக்கறோம். இல்லன்னா எங்க பையனுக்கு வேற எடம் பாக்கவேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று. கறுப்புக் கோழியும் போயிற்று. கோயிலில் கொண்டுபோய்ச் சங்கிலி போட்டு விட்டுவிடுங்கள் என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். அப்போதுதான் இந்த மாதிரி நோய்க்கென்று வெளியூர் டாக்டர் ஒருவர் மாதம் ஒரு தரம் ஜீப்பில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரத் தொடங்கியிருந்தார். 'பைத்தியக்கார ஜீப்பு' என்று ஊர் அதற்குப் பேர் வைத்திருந்தது. அம்மா முக்காடு போட்டுக்கொண்டு அத்தையை அழைத்துப்போனாள். "இன்னும் கொஞ்ச வருஷத்துல ஒவ்வொரு ஊர்லயும் இதுக்குன்னு டாக்டர் இருப்பாங்கம்மா. அதுவரைக்கும் மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க" என்றாராம் டாக்டர்.

மாத்திரை வேலை செய்தது. அத்தை தூங்கினாள், களி கிண்டினாள், எனக்குத் தலை பின்னிவிட்டாள். மாத்திரையால் கை மட்டும் நடுங்கியது. என் சடை கோணலாகத்தான் வந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வருகிறோம் என்று மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னதும் வீடு கலங்கிப்போயிற்று. வந்தவர்களுக்கு அத்தைதான் தன் கையால் சொம்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும். சிந்திவிட்டால்?

அப்பா தீர்ப்புச் சொன்னார். "அவங்க வந்துட்டுப் போறவரைக்கும் மாத்திரைய நிறுத்து. கை நின்னுடும்."

"டாக்டரு நிறுத்தக்கூடாதுன்னு சொன்னாருங்க" என்றாள் அம்மா.

"மாப்பள வூட்டுக்கு டாக்டரா வந்து பதில் சொல்லுவாரு?"

மாத்திரை பெட்டிக்குள் போயிற்று, பெட்டிச் சாவி அப்பாவின் இடுப்புக்குப் போயிற்று. "அண்ணி, மாத்திர குடுங்கண்ணி" என்று அத்தை அம்மாவின் பின்னாலேயே அலைந்தாள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்குத் தரேன்" என்பாள்.

கை நின்றது உண்மை. கூடவே தூக்கமும் நின்றது. சனிக்கிழமை அத்தை சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்ச் சொன்னதற்கு அம்மா என் வாயைப் பொத்தினாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அத்தை விளிம்புவரை நிறைந்த சொம்போடு வந்தாள். எல்லோர் கண்ணும் அவள் கைமேல். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அப்பா முகத்தில் அப்படி ஒரு பெருமை. மாமியாரும் இளகிப்போய், "நல்லா தெளிஞ்சிட்டயே தாயி" என்று குழந்தையை அவள் மடியில் போட்டார்.

அத்தை அதன் உச்சந்தலையை மோந்து பார்த்தாள். கண் நிறைந்தது. சட்டென்று யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைத் திருப்பினாள். குழந்தையோடு எழுந்து பின்வாசல் பக்கம் நடந்தாள். மாட்டைக் காட்டப்போகிறாள் என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்வாசலுக்கு நேரே கிணறு. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

வாசற்படியில் அத்தை நின்றாள். கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு விறுவிறுவென்று திரும்பி வந்து குழந்தையை மாமியார் கையில் திணித்தாள்.

"அத்தெ, புள்ளய எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. எங்கிட்ட வுடாதீங்க. மாத்திரைய நிறுத்திட்டாங்க. எனக்கு மறுபடி கேக்குது."

"கெட்டுது குடி" என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா யாரையும் கேட்காமல் அவர் இடுப்பிலிருந்து சாவியை உருவிக்கொண்டு பெட்டியைத் திறக்கப் போனாள். மாமியார் குழந்தையை மார்போடு அணைத்தபடி அத்தையையே வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்த ஜீப்பு எப்ப வருமாம்? நானும் வரேன்" என்று மட்டும் கேட்டார்.

எனக்கோ அத்தைமேல் ஆத்திரமாக வந்தது. ஏங்கி ஏங்கிக் காத்திருந்த பிள்ளை கைக்கு வந்தும் வேண்டாமென்று கொடுத்துவிட்டாளே, இவளுக்கு முழுப் பைத்தியம்தான் என்று முடிவுகட்டி, அன்று முழுக்க அவள் பக்கமே போகவில்லை. அவனைக் காப்பாற்ற அவளிடம் வேறு வழியே இருக்கவில்லை என்பது, எனக்கு ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான் உறைத்தது.