அண்ணியின் கூன்வண்டுக் கணக்கு

எனக்கு யாரையும் சட்டென்று பாராட்ட வராது. கூடப்பிறந்த அண்ணனையே அவன் கல்யாணத்தன்றுதான் நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னேன். அப்படிப்பட்ட நான் அண்ணியைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் ஒரே கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்கிறோம். நான் மருந்து தெளிக்கும் வண்டி ஓட்டுகிறேன். அண்ணிக்குப் பூச்சி பார்க்கிற வேலை. குளிர் முடிந்ததும், மரத்தடிச் சருகுக்குள் கிடந்த கூன்வண்டுகள் எழுந்து புல்லுக்கு வரும். அரை அரிசி நீளம்தான். பறந்து வந்தாலாவது கண்ணில் படும், இதுகள் நடந்தே வந்து சேரும். அண்ணி வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி, ஓரடி இடத்தில் ஊற்றிவிட்டு மண்டியிட்டுக் காத்திருப்பார். வெறும் புல் என்று நான் அடித்துச் சொல்லியிருக்கக்கூடிய இடத்திலிருந்து, ஐந்தே நிமிடத்தில் பத்து வண்டு மேலேறி வரும். முதல்தடவை பார்த்தபோது நானும் பக்கத்தில் மண்டியிட்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

வண்டு முட்டையிடுவது புல்லின் தண்டுக்குள். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, பிறகு வேர்ப்பக்கம் இறங்கும். அப்போதுதான் புல் சாகும். வருடா வருடம் கண்டபடி தெளித்ததில் பழைய மருந்தெல்லாம் வண்டுக்குப் பழகிவிட்டது. மிஞ்சியது ஒன்றுதான். அதையும் வருடத்துக்கு ஒரு முறைதான் அடிக்கலாம். புழு தண்டைவிட்டு இறங்கும் நாளில் அடித்தால்தான் பிடிக்கும்.

இந்த முறை பெரிய போட்டி வேறு. மேனேஜர் உடனே அடிக்கச் சொல்லிக் குதித்தார்.

"இன்னும் உள்ளதான் இருக்கு சார். இப்ப அடிச்சா வீண்," என்றார் அண்ணி.

"புல் போச்சுன்னா உங்களுக்கு இங்க வேலை இல்ல. இப்பவே சொல்லிட்டேன்."

"சரி சார்."

அண்ணன் வேலையில்லாமல் இருந்த நேரம் அது. வீடு அண்ணியை நம்பித்தான் ஓடியது. அவரோ தினமும் புல்லை வேரோடு வெட்டி வந்து, அடுப்படியில் உப்புத் தண்ணீரில் பிய்த்துப் போடுவார். புழு மிதக்கும். டீ வடிகட்டியில் அள்ளி, சிறிசு பெரிசு பிரித்து எண்ணுவார். பெரிசானதுதான் தண்டைவிட்டு இறங்கும். அது முடியும்வரை அண்ணன் டீயைத் தொடவில்லை.

ஒன்பதாம் நாள் பாதிக்கு மேல் பெரிசு. "நாளைக்குக் காலையில அடிச்சிரு தம்பி," என்றார்.

மறுநாள் வண்டியோடு போனால், மைதானத்தின் ஓரத்தில் ஆறடித் தார்ப்பாய் ஒன்றை விரித்து, மூலைக்கு ஒரு கல்லாக வைத்துக்கொண்டிருக்கிறார்.

"எடுங்க அண்ணி. அதுக்கடியில மருந்து போகாது."

"போகக்கூடாதுன்னுதான் போட்டிருக்கேன்."

"புல் செத்துரும்."

"சாகட்டும்."

"உங்களுக்கென்ன கிறுக்கா? அந்த ஆள் சும்மாவே உங்க சீட்டைக் கிழிக்கப் பாத்துக்கிட்டு இருக்காரு."

அண்ணி கடைசி மூலைக்கும் கல்லை வைத்தார். நான் திட்டிக்கொண்டேதான் மருந்தடித்தேன். அடித்து முடித்ததும் அவரே தார்ப்பாயைச் சுருட்டி எடுத்துவிட்டார்.

மூன்றாவது வாரம் அந்த ஆறடி மட்டும் வைக்கோலாகிக் கிடந்தது. கோடு போட்ட மாதிரி, அதைத் தாண்டி ஒரு புல்கூடப் பழுக்கவில்லை. மைதானம் முழுக்கப் பச்சை. மேனேஜருக்குக் கண்ணில் பட்டது செத்த இடம்தான்.

"இதை எப்படிம்மா விட்டீங்க?"

அண்ணி மண்டியிட்டுச் செத்த புல்லைப் பிடித்து இழுத்தார். பாய் மாதிரி கையோடு வந்தது. அடியில் புழு நெளிந்தது. ஒரு சாண் தள்ளிப் பச்சையில் வெட்டிக் காட்டினார். ஒன்றுமில்லை.

"விட்டது இல்ல சார், வெச்சது. எல்லாத்துக்கும் அடிச்சிருந்தா, மருந்து பிடிச்சதா, இல்ல இந்த வருஷம் பூச்சி புல்லைக் கொல்ற அளவுக்கே இல்லையான்னு நமக்குத் தெரிஞ்சிருக்காது."

மேனேஜர் குனிந்து செத்த புல்லை ஒரு பிடி இழுத்துப் பார்த்தார். "இதுவும் பச்சையாவே இருந்திருந்தா?"

"இருந்த ஒரே மருந்தையும் வீணா அடிக்க வெச்சேன்னு அர்த்தம். நீங்க சொல்ல வேண்டியதே இல்ல, நானே போயிருப்பேன்."