விமானத்துக்கு வைத்த பொட்டு

சப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்களைச் சாய்த்து, விமானம் இறங்க ஒரு திடல் போட்டார்கள். ஆலையில் இயந்திரம் பழுது பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை அங்கே இழுத்துக்கொண்டு போனார்கள். கொட்டகை கூட்டவும் எண்ணெய்த் துணி துவைக்கவும் நானும் என் மாமியாரும். விமானத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார் மனுஷன். வெளியே தெரிவது கால்சட்டைக் கிழிசல்தான். அதை வைத்துத்தான் என் புருஷன் என்று கண்டுபிடிப்பேன்.

அங்கே மேற்பார்வைக்கு இருந்த சப்பான்காரனிடம் ஒரு சட்டம். நட்டை முறுக்கிய கையோடு அதன்மேல் சிவப்புச் சாயத்தில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு இல்லாத நட்டு இருந்தால் விமானம் நகராது. பொட்டு வைத்த நட்டு தளர்ந்திருந்தால், வைத்தவனுக்குச் சயாம். ரயில் பாதை போட அங்கே போனவர்கள் யாரும் எங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பி வந்ததில்லை.

ஆயுத பூசை அன்று என் வீட்டுக்காரர் பாதி முறுக்கிக்கொண்டிருக்கும்போது, சேற்றில் மாட்டிய லாரியைத் தள்ளக் கூப்பிட்டார்கள். போய்விட்டார். நான் ஓடையில் துணி துவைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், எல்லா நட்டிலும் சிவப்பு. பக்கத்தில் மாமியார், கட்டைவிரல் நிறையச் சிவப்போடு.

"அத்த, என்னா இது?"

"ஆயுத பூசைலா இன்னிக்கு. உன் புருஷன் பாதிக்குப் பொட்டு வச்சிட்டு அப்படியே போட்டுட்டுப் போயிட்டான். சாமி காரியத்த அரையும் கொறையுமா விடலாமா? மிச்சத்துக்கு நான் வச்சேன்."

குங்குமம் கிடைக்காத காலம். மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்து, எண்ணெய் விட்டுச் சிவப்பாக்கி மடியில் முடிந்து வந்திருக்கிறார்.

திரும்பி வந்த என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நட்டாகக் குனிந்து பார்த்தார்.

"ஆத்தா, எது நீ வச்சது?"

"எல்லாம் ஒண்ணு போலத்தான்டா இருக்கு. என் கை அப்படி."

விரலால் தேய்த்துப் பார்த்தார். சாயமும் காயவில்லை, மஞ்சளும் காயவில்லை. ரெண்டும் ஒட்டிக்கொண்டு வந்தது.

"மோந்து பாருங்க. மஞ்ச வாசன வந்தா அத்தையோடது" என்றேன். மூக்கை நீட்டினார். எல்லாம் எண்ணெய் நாற்றம். "எந்தப் பக்கத்துல நிறுத்துனேன்? மேலயா, கீழயா?" என்று என்னையே கேட்கிறார். நான் கிழிசலைத்தானே பார்த்தேன், நட்டையா பார்த்தேன்!

"பேசாம இருடா. எல்லாத்துலயும்தான் பொட்டு இருக்கே, அவனுக்கு என்னா தெரியப் போவுது?" என்றார் மாமியார்.

அதற்குள் சப்பான்காரன் வந்துவிட்டான். வாயை மூடிக்கொண்டிருந்தால் விமானம் கிளம்பும், நட்டு கழன்றால் சயாம். உண்மையைச் சொன்னால் தாயார் கதி என்ன? என் வீட்டுக்காரர் தமக்குத் தெரிந்த மலாயில் உளறினார்: "லுப்பா, துவான். புக்கா செமுவா." மறந்துட்டேன் ஐயா, எல்லாத்தையும் கழட்டணும் என்று அர்த்தம்.

பளாரென்று ஒன்று விழுந்தது. பிறகு அவன் நட்டைப் பார்த்தான். மாமியார் நெற்றிப் பொட்டைப் பார்த்தான். கட்டைவிரலைப் பார்த்தான். மறுபடி நட்டைப் பார்த்தான். எல்லாப் பொட்டையும் துடைக்கச் சொல்லி, முதலிலிருந்து முறுக்கவிட்டுப் பக்கத்திலேயே குந்திக்கொண்டான்.

முக்கால்வாசி போனபோது ஒரு நட்டு கையாலேயே சுற்றியது. சப்பான்காரன் அதையும் பார்த்தான். சயாம் என்று சொல்லவில்லை. பொட்டெல்லாம் துடைத்தாகிவிட்டதே, யாரைப் பிடிப்பான்?

"நான் வச்சதாத்தான் இருக்கும், அதான் சாமி காட்டிக் குடுத்துச்சு" என்றார் மாமியார். "நான் முறுக்க மறந்ததா இருந்தா?" என்றார் என் வீட்டுக்காரர். ராத்திரி மரவள்ளிக் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு அதையே என்னிடமும் கேட்டார். எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் சப்பான்காரன் சிவப்புச் சாயத்தை எடுத்துவிட்டு மஞ்சள் சாயம் கொண்டுவந்து வைத்திருந்தான். மாமியார் டப்பாவை எட்டிப் பார்த்து, "இது இன்னும் விசேஷம்லா" என்றார்.

அதன் பிறகு ஒரு வரிசையை முறுக்கி முடிக்கும்வரை, யார் கூப்பிட்டாலும் என் வீட்டுக்காரர் தலையை வெளியே எடுக்கமாட்டார். நான் கூப்பிட்டாலும்தான். தாயார் குரல் கேட்டால் மட்டும் உடனே எடுப்பார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்க்க.