லவான் எடுத்த பிஸ்டல்

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு முடி வெட்டுகிறவள் லவான் ஸ்கோகன். ஐம்பத்திரண்டு வயசு. கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை. மூணு வருஷத்துக்கு முன்னால் அவள் வலது மணிக்கட்டை உடைத்தவன் பழைய புருஷன் டெல்மர். "வெளிய வந்து உன்னைப் பாத்துக்கறேன்" என்று கோர்ட்டிலேயே சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போன படுபாவி, வர்ற வியாழக்கிழமை வெளியே வருகிறான். மொண்டானாவில் இந்த மாதிரி சேதி பனியைவிட வேகமாகப் பரவும்.

செவ்வாய்க்கிழமை என் துப்பாக்கிக் கடைக்குள் வந்தாள். பின்னாலேயே தம்பி ஆர்லன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"பில்லிங்ஸ்ல என் வீட்டுக்கு வாக்கா. கொஞ்ச நாள் உன் சலூனை மூடு."

"தப்புப் பண்ணினவன் அவன். கடையை மூடறது நானா? நல்லா இருக்குடா உன் நியாயம்."

நான் இருப்பதிலேயே குட்டி பிஸ்டலை எடுத்து வைத்தேன். பொம்பளை என்றால் குட்டி துப்பாக்கி. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லா முட்டாளும் செய்கிற தப்பு அது. இருபது வருஷமாக நானும் செய்கிறேன்.

அவள் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். உள்ளே ஐம்பது தோட்டா, அத்தனையும் ஒன்பது எம்எம், அவள் கையாலேயே செய்தது. சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, கழுவி, வெடிமருந்தும் குண்டும் போட்டு மறுபடி நிரப்புகிற பைத்தியங்களில் அவளும் ஒருத்தி. கை உடைந்ததிலிருந்து, துப்பாக்கி கையை உதைக்காமல் இருக்க, தோட்டா நிரப்புகிற புத்தகம் அனுமதிக்கிற மிகக் குறைந்த அளவு மருந்துதான் போடுகிறாள்.

"வாரத்துக்கு இருநூறு சுட்டுப் பழகப் போறேன் மெர்ல். இதைத் தின்னுற துப்பாக்கியா குடு."

கடைக்குப் பின்னால் சுடுகிற இடத்துக்குப் போனோம். மூணாவது குண்டிலேயே கூடு வெளியே வராமல் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது.

"என்னய்யா இது, பல்லுல கறி மாட்டின மாதிரி நிக்குது?"

"குட்டி துப்பாக்கிக்கு ஸ்பிரிங் முரடு. உன் மருந்துக்கு அதைப் பின்னால தள்ளத் தெம்பில்ல" என்றேன்.

"மருந்தைக் கூட்டிப் போடேன்" என்றான் ஆர்லன்.

"எடை இல்லாத துப்பாக்கிடா. கூட்டினா கை கழண்டுடும். உன் கையா வலிக்கப் போகுது?" என்றாள் லவான்.

வெட்கமாக இருந்தது எனக்கு. ஒரு விரல் நீளம் கூடுதலாக, கொஞ்சம் கனமாக இருந்த ஒன்றைக் கொண்டுவந்தேன். அவள் பெட்டியில் மிச்சமிருந்த தோட்டா அத்தனையும் ஒரு தடங்கல் இல்லாமல் ஓடின. இடுப்பில் வைப்பதற்குக் கடைக் குண்டையே வாங்கச் சொன்னேன். சொந்தமாகச் செய்ததை வைத்துச் சுட்டால் நாளைக்குக் கோர்ட்டில் வக்கீல் கிளறுவான். அதிலும் ஒரு பெட்டி சுட்டுப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள், ஆனால் கை தாங்கியது.

ஆர்லனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "பெருசா இருக்குக்கா. ஏப்ரனுக்கு வெளிய தெரியும்."

"தெரியட்டுமே."

குனிந்து கூடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். அவன் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு, தானும் மண்டி போட்டான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு லவான் கடைக்கு முடி வெட்டிக்கொள்ளப் போனேன். முடி என்ன முடி, எனக்குப் பயம், அதனால் போனேன். கடை திறந்திருந்தது. விளக்கெல்லாம் எரிந்தது. ஆர்லன் எனக்கு முன்னாலேயே வந்து, சுழல் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பி வைத்து, கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தான். தெருவில் கார் போகும்போதெல்லாம் தலையைத் தூக்கினான்.

லவான் சீப்பை வாயில் கவ்விக்கொண்டு நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி அவனைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். பிறகு சீப்பை எடுத்தாள்.

"தலையை ஆட்டாம உக்காருடா. வாசலை நான் பாத்துக்கறேன்."