மேல் பலகையில் சீனி

எங்கள் குசினியை வந்து பார்த்தவர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாலைந்து பேர் தங்கள் வீட்டிலும் அதே மாதிரி பலகை அடித்துக்கொண்டார்கள். எட்டடி நீளம், ஆறடி அகலம், ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் கிடந்த ஒரு வீட்டுச் சாமான் முழுவதையும் தரையிலிருந்து தூக்கிச் சுவரில் ஏற்றியது லேசுப்பட்ட வேலை இல்லை. ஏன் அந்த உயரத்தில் அடித்தாய் என்று இரண்டு பேர்தான் கேட்டார்கள். ஒருவரிடம் பொய் சொன்னேன். இன்னொருத்தி என் அம்மா, அவளிடம் பாதி உண்மைதான் சொன்னேன்.

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, நடுவில் ஒரு அறை, பின்னால் குசினி, அவ்வளவுதான் வீடு. சுவரை இடிக்கவோ கூரையை நீட்டவோ தோட்ட ஆபீசில் அனுமதி வாங்கவேண்டும். அதற்கு அலைந்தவர்கள் அலைந்துகொண்டே இருக்கிறார்கள். ஆணி அடிப்பதை மட்டும் யாரும் தடுப்பதில்லை. கணவர் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் அவருடைய அம்மா, என் மாமியும்தான்.

எனக்கு ஒரு கட்டில் போட இடம் வேண்டியிருந்தது. ராகலையில் அம்மா தனியாக இருந்தாள். அவள் லயத்துக்குப் பின்னாலிருக்கும் மண்மேடு வெடித்து, ஒரு கை உள்ளே போகும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. மழை பிடித்தால் வேறு எங்காவது போய்விடுங்கள் என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு எங்கே என்று அவர்கள் சொல்லவில்லை. அம்மாவுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. நடு அறையில் காலை நீட்ட இடமில்லை. குசினித் தரையைக் காலி செய்தால் அடுப்புச் சூட்டில் ஒரு கட்டில் போடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அந்தத் தரை அதுவரை மாமியின் ராச்சியம். நடுவில் ஒரு மணைப்பலகை, அதில் மாமி. வலது பக்கம் அரிசி மூட்டையும் கோதுமை மாவு வாளியும், இடது பக்கம் உருளைக்கிழங்கு, வெங்காயக் கூடை, பின்னால் விறகு, முன்னால் சட்டிபானை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்பாமல் ஒரு சமையலை முடித்துவிடுவார். முப்பத்தாறு வருடம் இடுப்பளவு உயரச் செடியில் கொழுந்து பறித்தவர். கைக்குக் கீழே இருப்பதுதான் அவருக்கு ஒழுங்கு. எனக்கு அது குப்பையாகத் தெரிந்தது.

மாமி நல்லவர் என்று ஊரில் சொல்வார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது குசினி மூலையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. சீனி, தேயிலைத்தூள், பால்மா, மாசிக் கருவாடு எல்லாம் அதற்குள். பூட்டின் சாவி மாமியின் இடுப்பில். காலையில் தேத்தண்ணி ஊற்ற நான் சீனி கேட்கவேண்டும். கேட்டவுடன் எழும்பமாட்டார். மடியில் வெங்காயம் இருந்தால் அதை உரித்து முடிப்பார். ஒன்றும் இல்லையென்றால் சேலை நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் நிற்பேன். பிறகு பெட்டியைத் திறந்து, இரண்டு கரண்டி அளந்து போட்டு, மூன்றாவது கரண்டியைப் பாதியில் திருப்பி உள்ளேயே கொட்டுவார். மூன்று வருடம் தினமும் அப்படி நின்றேன். அதை நான் மறக்கவில்லை, மறக்க முயற்சி செய்யவும் இல்லை.

மாமி வேலையை விட்டு நின்ற பிறகு வீடு என் சம்பளத்தில் ஓடத் தொடங்கியது. தகரப்பெட்டியை இஸ்தோப்புக்கு இழுத்துப்போட்டு அதில் பழைய செருப்புகளை அடைத்தேன். அப்போதே மாமியின் வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. கொழுந்துக் கூடையோடு ஒருமுறை சரிவில் விழுந்தவர், அடுத்த வாரமே திரும்ப மலைக்குப் போனார். இடது கையும் அதைவிடக் கொஞ்சம்தான் பரவாயில்லை. தலை சீவும்போது தலையைக் கைக்கு இறக்கிக் கொடுத்துத்தான் சீவுவார். முக்காலி போட்டு ஏறவும் முழங்கால் விடாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். மலையில் வேலை செய்த கைகளைப் பார்த்துத்தான் நானும் வளர்ந்தேன்.

நான் வேலை செய்வது ஹட்டனில் ஒரு இரும்புக்கடையில். கடை முதலாளி முஸ்லிம், அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவோம். பலகையில் அறுத்து மிஞ்சிய துண்டுகளை எனக்காக ஒதுக்கி வைத்தார். ஸ்க்ரூவும் இரும்புத் தாங்கியும் எடுத்து வைக்கும்போது அளவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது என்ன மா, இவ்வளவு உசரத்துல அடிக்கப் போறீங்க? வீட்டுல வயசானவங்க இருக்காங்கல்ல?"

"எலித் தொல்லை, நானா."

"எலிக்கு மூடி போட்டா போதுமே. சாமான கீழ வைங்க. அவங்களுக்கும் எட்டணும்ல."

நான் சிரித்துவிட்டு ஸ்க்ரூவை எண்ணினேன்.

ஒரு பௌர்ணமிப் போயா லீவில் வேலையைத் தொடங்கி அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடித்தேன். நான்கு பலகைகள். கீழ்ப் பலகையில் சட்டிபானை. அதற்கு மேலே தட்டும் கோப்பையும். மூன்றாவதில் பருப்பு, மாவு டப்பாக்கள். பலகையின் அடிப்பக்கத்தில் ஜாம் போத்தல் மூடிகளை ஸ்க்ரூ போட்டு இறுக்கி, போத்தல்களைக் கீழிருந்து திருகி மாட்டினேன். மஞ்சள், மிளகு, கடுகு எல்லாம் அந்தரத்தில் தொங்கின. கதவின் பின்னால் மாவுப்பையைத் தைத்துப் பைகள் செய்து வெங்காயமும் பூண்டும் போட்டேன். விறகை வெளிச்சுவர் ஓரமாகத் தகரத்தின் கீழ் அடுக்கினேன். தரையில் ஒரு கட்டில் மட்டும் நின்றது. உண்மையிலேயே அழகாக இருந்தது.

நான்காவது பலகையை அடிக்கும்போது கையைத் தூக்கி, கால் விரல்களில் எம்பி நின்று, என் கைவிரல் நுனிக்குக் கோடு போட்டேன். அந்த வீட்டில் எல்லாரையும் விட நான்தான் உயரம். அந்தப் பலகையில் சீனி, தேயிலைத்தூள், பால்மா, மாசி. தகரப்பெட்டிக்குள் இருந்தவை அத்தனையும் அங்கே போயின. மாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது, எனக்கு மனசு குளிர்ந்தது.

அன்றிலிருந்து மாமி கேட்கவேண்டியதாயிற்று.

"கொஞ்சம் சீனி எடுத்துத் தாறியா மா?"

நான் உடனே எழும்பமாட்டேன். சேலை மடிப்பைச் சரி செய்வேன், போனைப் பார்ப்பேன். அவர் நிற்பார். இரண்டு கரண்டி போடுவேன். மூன்றாவது கரண்டியை எடுத்து, பாதியைத் திருப்பிக் கொட்டுவேன். நான் கடைக்குப் போன பிறகு சாயங்காலம் ஆறு மணி வரை அவருக்குத் தேத்தண்ணி கிடையாது. வாழ்நாள் முழுக்கத் தேயிலை பறித்தவர்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் சீனி டப்பா இடம் மாறியிருந்ததைக் கவனித்தேன். மாமியிடம் பழைய மட்டக்கம்பு ஒன்று இருந்தது. கொழுந்து பறிக்கும்போது செடியின் மேல் படுக்கப்போட்டு மட்டம் பார்க்கும் கம்பு, அதற்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்பதைத்தான் பறிக்கவேண்டும். வேலையை விட்டு நின்றபோது மாமி வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்தக் கம்பு ஒன்றைத்தான். கையைத் தூக்காமல் முழங்கையை மட்டும் மடக்கி, கம்பால் டப்பாவை விளிம்புக்குத் தள்ளி, மடியை விரித்துப் பிடித்திருக்கிறார். திரும்ப வைக்கப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிறு வாளை எடுத்து அந்தக் கம்பை ஒன்றரை அடிக்கு அறுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் இறுக்கி, அகப்பை கரண்டிகளை அதில் தொங்கவிட்டேன்.

"பாருங்க மாமி, கரண்டியெல்லாம் இப்ப ஒரே எடத்துல" என்றேன்.

மாமி கீழே விழுந்த மரத்தூளைக் கூட்டி அள்ளினார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அதன் பிறகு பகலில் அவர் எதையும் எடுக்கவில்லை.

மழைக்காலம் நெருங்கியது. வாங்க, கட்டில் தயார் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு வியாழக்கிழமை, எனக்குச் சொல்லாமல், இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவளே புறப்பட்டு வந்துவிட்டாள். ராகலையிலிருந்து நுவரெலியா, அங்கிருந்து ஹட்டன், பிறகு தோட்டத்து ரோட்டில் நடை. மத்தியானம் வந்து சேர்ந்தவளைக் கட்டிலில் உட்காரவைத்து மாமி தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறார்.

நான் ஆறு மணிக்கு வந்தேன். இருவரும் குசினிக் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இரண்டு டம்ளரில் வெறும் தண்ணீர், ஆறிப்போயிருந்தது. எங்கள் பக்கம் வாசலில் வந்து நிற்கிற கடன்காரனுக்கும் தேத்தண்ணி கொடுத்துத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்ன மாமி இது, அம்மாவுக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தலயா?"

"தேயில மேல இருக்கு மா. எனக்கு எட்டாதே" என்றார் மாமி. குரலில் ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி நான்கு மணிக்கே மலையிலிருந்து வந்துவிடுவாள், நடுவில் ஒரு சுவர்தான். மாமி ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்காமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, மத்தியானத்திலிருந்து எனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

"நான் எடுக்குறேன்னு எந்திரிச்சேன்" என்றாள் அம்மா. "எனக்கும் கை ஏறல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கும் அதே கை. பள்ளிக்கூடம் போகிற வயதில் தினமும் காலையில் அவளுக்குத் தலை சீவிவிட்டது நான். அவளுக்காகத்தான் அந்தத் தரையைக் காலி செய்தேன், அவளுக்காகத்தான் கட்டில். ஆனால் அந்தப் பலகையை அளக்கும்போது என் கண்ணில் மாமியின் கை மட்டும்தான் இருந்தது.

அம்மா பலகையைப் பார்த்தாள். "இந்த ஒசரம் யாருக்குப் பாத்து அடிச்ச?"

"எனக்கு எட்டுற மாதிரி..."

"அவங்களுக்கு?"

நான் டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன். அம்மாவின் பார்வை அடுப்புப் பக்கம் போய் நின்றது. "அது மட்டக்கம்புல்ல?"

"ஆமா சம்பந்தி" என்றார் மாமி. "என்னோடதுதான். மருமக அழகா வெட்டி மாட்டியிருக்கா."

நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை அம்மா வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். குடிக்கவில்லை. விடியற்காலை முதல் பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொண்டாள். ரோடு வரை பின்னாலேயே போனேன்.

"அம்மா, மண்ணு சரிஞ்சா என்ன செய்வீங்க?"

"சரிஞ்சா ஒரு தடவையோட போயிரும். இங்க ஒரு நாளைக்கு நாலு தடவ சீனி கேக்கணும்."

அந்த ஞாயிறே நான்காவது பலகையைக் கழற்றினேன். மாமி மணையில் உட்கார்ந்து கை நீட்டினால் தொடும் உயரத்தில் திரும்ப அடித்தேன். சீனி டப்பாவை அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். நான் வாளியில் கை கழுவும்போது மாமி கேட்டார்.

"கொஞ்சம் சீனி எடுத்துத் தாறியா மா?"

இன்றுவரை அப்படித்தான். டப்பா பக்கத்திலேயே இருக்கும், தொடமாட்டார். ஆட்கள் வந்திருக்கும்போது இன்னும் சத்தமாகக் கேட்பார். நான் எழும்பிப் போய் எடுத்துக் கொடுக்கிறேன்.

மழை தொடங்கி நாலு நாள் ஆகிறது. ராகலைப் பக்கம் அதிகமாம். கட்டில் காலியாகக் கிடக்கிறது. காலையில் போன் எடுத்து, "பலகைய எறக்கிட்டேன்மா, இப்ப எல்லாம் கைக்கு எட்டும், வாங்க" என்று கெஞ்சினேன். போனில் அவளுக்குப் பின்னாலே தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது.

"எறக்கினத திரும்ப ஏத்த எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள் அம்மா.

அவளிடம் என்னால் பொய் சொல்ல முடியாது.

"அரை நாள்" என்றேன்.