கையை முகர்ந்து பார்க்கிறவர்

எங்கள் வீட்டில் "சாப்பிட்டேன்" என்று வாயால் சொன்னால் செல்லாது. அப்பாவிடம் வலது கையை நீட்ட வேண்டும். அவர் விரல் நுனிகளை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் மூச்சிழுத்து, "ரசம்" என்றோ "முட்டை" என்றோ தீர்ப்புச் சொல்வார். அதன் பிறகுதான் அவர் தட்டை எடுப்பார். நானும் அம்மாவும் சாப்பிடாமல் அவர் ஒரு வாய் சோறு தின்று நான் பார்த்ததில்லை. எனக்குக் கல்யாணமாகி, வாகடில் வீடு வாங்கி, ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில் ஒரு கூட்டத்தையே மேய்க்கிற வேலைக்கு வந்த பிறகும் இந்தச் சோதனை நிற்கவில்லை. ஆபீஸில் ஸ்பூனால் சாப்பிட்டேன் என்று சொன்னால் அது கணக்கில் சேராது. இன்னொரு தோசை வந்துவிடும்.

அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். மலையில் எங்கோ வேலை பார்த்தபோது, அவருக்குக் கீழே இருந்த ஒரு ஜவான் ஊரிலிருந்து வந்த ஏதோ செய்தியில் மனம் ஒடிந்துபோய், கேட்டபோதெல்லாம் சாப்பிட்டேன் என்று சொல்லியபடியே பட்டினி கிடந்திருக்கிறான். பனியில் காவல் நிற்கும்போது அப்படியே விழுந்துவிட்டான். பிழைத்தானா என்று கேட்டால் அப்பா பேச்சை மாற்றுவார். "வாயில இன்னா வேணா சொல்லலாம்மா. கைய நீட்டு" என்பார்.

ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான வேலூருக்குத் திரும்பிப் போகாமல், கடைசியாக வேலை பார்த்த தேஹு ரோடிலேயே இரண்டு கிரைண்டர் வாங்கிப்போட்டு இட்லி மாவு வியாபாரம் தொடங்கினார். விடியும் முன்பே ஸ்கூட்டரில் மாவுப் பாக்கெட்டுகளை ஏற்றிக்கொண்டு வாகட் அடுக்குமாடிகளுக்குக் கிளம்பிவிடுவார். மாவு ஒரு நாள் புளிக்கவில்லை என்றால் விற்கமாட்டார். அதில் எங்களுக்குத் தோசை சுட்டுப் போடுவார். குளிர்காலம் முழுக்க நாங்கள் அந்தத் தட்டைத் தோசைகளைத் தின்றே வளர்ந்தோம். கிருத்திகைதோறும் அவருக்கு விரதம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தமிழர்கள் சேர்ந்து கட்டிய முருகன் கோவிலில் அன்று அன்னதானம் நடக்கும். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சாம்பார் வாளியோடு பந்தியில் நிற்பார். வந்து போகிறவர்கள் கையையெல்லாம் பிடித்து முகரவில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை, கிரைண்டர் குழவியைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு போயிற்று, விழுங்குகிற சக்தியும் போயிற்று. வலது கையும் கண்ணும்தான் மிச்சம். மூக்கு வழியே குழாய் போட்டு, பெரிய சிரிஞ்சில் கஞ்சி மாதிரி ஒன்றை ஊற்றுவார்கள், அதுதான் சாப்பாடு என்றார் டாக்டர். அது ஒழுங்காக உள்ளே போனால்தான் உடம்பு தாங்கும் என்றும் சொன்னார்.

முதல் நாள் ஐ.சி.யூ.வுக்குள் நானும் அம்மாவும் போனோம். எங்களைப் பார்த்ததும் அப்பா வலது கையை மெதுவாகத் தூக்கினார். ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்து நான் அழுதேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தன் கையைக் கொடுத்தாள். அவர் அதை மூக்கருகே இழுத்து, குழாய்க்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நர்ஸ் சிரிஞ்சோடு வந்தபோது குழாயைப் பிடித்து இழுத்துப் போட்டார். ரத்தம் வந்தது.

"காகா, அஸ நகா கரூ" என்று கெஞ்சினாள் அந்த மராத்திப் பெண். பெரியவரே, இப்படிச் செய்யாதீர்கள் என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. மறுபடி குழாய் போட்டு, கட்டில் கம்பியோடு கையைக் கட்டினார்கள்; நாங்கள் பார்க்கப் போகும்போது மட்டும் அவிழ்த்து விடுவார்கள். ஊற்ற ஊற்றத் தலையை ஆட்டி, குமட்டி, போனதையெல்லாம் வெளியே தள்ளினார். ஒரு பட்டாளத்துக்காரரைக் கட்டிப்போட்டுப் பார்க்கிற கொடுமை யாருக்கும் வரக்கூடாது.

உண்மையில் தப்பு அவர் மேல் இல்லை. அம்மா சாப்பிட்டிருக்கவில்லை. "அவரு இப்படிக் கெடக்கறப்ப எனக்கு எங்க எறங்கும்?" என்றாள். இவள் சாப்பிடாமல் அவர் சாப்பிடமாட்டார், அவர் சாப்பிடாமல் இவள் சாப்பிடமாட்டாள். நான் நடுவில் நின்று யாரைத் திட்டுவது? கடைசியில் அம்மாவைத்தான் திட்டினேன். கேன்டீனுக்கு இழுத்துப் போய் சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்து தின்ன வைத்தேன். "கையக் கழுவாதே, சும்மா தொடைச்சுக்க" என்றேன்.

ஆனால் ஐ.சி.யூ. வாசலில் கிருமிநாசினி தேய்க்காமல் உள்ளே விடமாட்டார்கள். தேய்த்தால் ஊரில் உள்ள சாம்பார் வாசனை அத்தனையும் போய்விடும். மறுநாள் அம்மா வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இடது கையை மட்டும் நீட்டினாள். "தோனோ ஹாத், மாதாஜி" என்று காவலாளி இரண்டு கையையும் கேட்டான். பெருங்காயம் திருடியவளைப் போல அம்மா முழித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. கட்டிலுக்குப் போனபோது அப்பா மறுபடி முகர்ந்தார், மறுபடி திரும்பிக்கொண்டார்.

அதற்கு அடுத்த நாள் வேறு காவலாளி. அவன் கைப்பேசியில் மூழ்கியிருந்ததால் அம்மா தப்பித்தாள். அவள் கையில் பூண்டு ரச வாசனை எனக்கே தூக்கலாக வந்தது. அப்பா அந்த விரல்களைப் பிடித்து வெகுநேரம் முகர்ந்தார். நான் முருகா முருகா என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவர் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, கவலைதான் இருந்தது. கையை விட்டுவிட்டார்.

டாக்டரிடம் கேட்டேன். மூக்கில் குழாயும் இருக்கிறது, மூளையிலும் அடி. வாசனை தெரியாமல் போயிருக்கலாம் என்றார். எதைச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அவருக்கு நாங்கள் பட்டினிதான். தேஹு ரோடு கோவிலுக்குப் போய் முருகனிடம் சண்டை போட்டேன். இத்தனை வருடம் உனக்கு விரதம் இருந்தவர் மூக்கில் போயா கை வைப்பாய் என்று கேட்டேன். பூசாரி பயந்துபோய் விபூதியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு வழி கிடைத்தது. அம்மா அவர் கண் முன்னாலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். விதிப்படி அங்கே சாப்பிடக்கூடாது. அங்கிருந்த நர்ஸ் திரையை இழுத்து விட்டு எங்களைப் பார்க்காதது போல இருந்தாள். ஒவ்வொரு கவளமும் அம்மாவின் வாய்க்குள் போவதை அப்பா பார்த்துக்கொண்டே இருப்பார். டப்பா காலியான பிறகு கண்ணை மூடித் திறப்பார். அதன் பிறகு சிரிஞ்சு வந்தால் தடுக்கமாட்டார். வேளைக்கு வேளை இப்படி நடந்தது. அம்மாவுக்கு ஒவ்வொரு கவளமும் கல்லாகத்தான் இறங்கியது. ஆனாலும் தின்றாள். அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போவதைப் பற்றிக்கூடப் பேசத் தொடங்கினோம்.

ஒரு மத்தியானம் அம்மா டப்பாவைத் திறந்தபோது அவர் திரும்பவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கட்டிலைச் சுற்றிவந்து அவர் கண்ணுக்கு நேரே நின்றாள். கண் அவளைத் தாண்டிப் போயிற்று. அவள் தன் கையை அவர் கைக்குள் வைத்தாள். அந்தக் கை மூடவில்லை. நர்ஸ் சிரிஞ்சை எடுத்துவந்தாள். எந்த எதிர்ப்பும் இல்லாததைப் பார்த்து அவளுக்கு ஒரே சந்தோஷம். "ஆஜ் காகா ஷஹாணே ஜாலே" என்றாள். இன்று காகா சமத்தாகிவிட்டாராம்.

அம்மா டப்பாவை மூடினாள். அவர் காதருகே குனிந்தாள். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "நான் இன்னும் சாப்புடலைங்க" என்றாள். "கேக்குதா? காலையில இருந்து ஒண்ணும் சாப்புடல. பொய் சொல்லல, பாருங்க, டப்பா அப்படியே கீது. நீங்க எப்படி சாப்புடறீங்க?"

நர்ஸ் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் தடுக்கவில்லை. கஞ்சி முழுவதும் உள்ளே போயிற்று.