செல்ஃப் எடுக்காத கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் தூக்கத்தில் லாரி ஓட்டுவார். சிரிக்க வேண்டாம், கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார் என்றால், கொஞ்ச நேரத்தில் இடது கால் மெத்தையை மிதிக்க ஆரம்பிக்கும். மிதித்துப் பிடித்தபடியே, யாரோ கீழே நிற்பது மாதிரி, "வரலாமா?" என்று கேட்பார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது டிரைவர்கள் கேட்பது அது. கீழே நிற்கும் ஆள் "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். போதும் என்றால் லாரியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அந்தக் குரல் இல்லாமல் இவர் ஓர் அங்குலம் நகர்த்த மாட்டார். கனவில் யார் குரல் கொடுப்பது? கால் மிதித்தபடியே நடுங்கிக்கொண்டிருக்கும். "எங்க வரணும்? பேசாம படுங்க" என்று நான் ஒரு அதட்டு அதட்டுவேன். என் வாய் அப்படி.

இருபத்தாறு வருஷம் ஓட்டினவர். கடைசியில் அந்த இடது கால்தான் காலை வாரிவிட்டது. சர்க்கரை வியாதி பாதத்தில் இருந்த உணர்ச்சியைத் தின்றுவிட்டது. செருப்பு கழன்று விழுந்தாலும் பத்தடி தாண்டி, கீழே பார்த்தால்தான் தெரியும். ஒரு நாள் குடோன் வாசலில் கிளட்ச்சிலிருந்து கால் வழுக்கியது இவருக்குத் தெரியவில்லை. லாரி ஒரு துள்ளுத் துள்ளி முன்னால் பாய்ந்தது. வாட்ச்மேன் ஒதுங்கிவிட்டார், தூண் ஒதுங்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால் இவரே போய் மேனேஜர் மேஜையில் சாவியை வைத்துவிட்டு வந்தார்.

இப்போது அதே குடோன் வாசலில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, வரும் போகும் லாரிகளின் நம்பரை எழுதுகிறார். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்ப்பார். கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. சாப்பிடுகிறார், குளிக்கிறார், ஆனால் ஆளைக் காணோம். எனக்குப் பயமாக இருந்தது. இப்படியே இருந்து இப்படியே போய்விடுவாரோ என்று.

என் பிழைப்பு ஒரு லாண்டரியில். ஊரான் படுத்து எழுந்த ஹோட்டல் விரிப்புகளை நாள் முழுக்க இஸ்திரி போட்டு மடிப்பேன். வீட்டுக்கு வந்து எங்கள் துணியை வாளியில் ஊறவைத்துக் கையால் கும்முவேன். ஒரு வாஷிங் மெஷின் வாங்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

லாண்டரிக்கு எதிரே பிரிண்டர் ரிப்பேர் கடை. பழைய கம்ப்யூட்டரும் விற்பார்கள். சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வருகிறவர் எப்போதும் நிற்கும் கம்பத்தடியில் ஒரு நாள் இல்லை. பார்த்தால் அந்தக் கடைக் கண்ணாடியில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறார். உள்ளே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, உடம்பெல்லாம் சிவப்பும் நீலமுமாக விளக்கு. மேஜையில் ஒரு ஸ்டீயரிங், கீழே மூன்று மிதிகள். கடைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்ட, திரையில் ஒரு லாரி மலையேறிக்கொண்டிருந்தது. "கியரை மாத்துய்யா, ஏத்தத்துல திணறுது பாரு" என்று இவர் வெளியே நின்று முணுமுணுத்தார். ஒரு மாதத்தில் அவர் வாயிலிருந்து தானாக வந்த முதல் பேச்சு அதுதான்.

நாலு நாள் இதே கதை. ஐந்தாம் நாள் இவரே விலையை விசாரித்து வந்து என்னிடம் சொன்னார். சொன்ன கையோடு, அது நம் மெஷின் பணம், வேண்டாம் என்றும் அவரே சொன்னார். நான் போய் விசாரித்தேன். கடைக்காரர் மறைக்கவில்லை. எட்டு வருஷத்துப் பெட்டி. யாரோ புதிதாக வாங்கிக்கொண்டு இதைத் தள்ளிவிட்டார்கள். இப்போது வரும் கேம் எதுவும் இதில் ஓடாது, பழையதுதான் ஓடும். அதைச் சொன்னபோது இவர், புது ரோடு எனக்கு எதுக்கு என்றார். எனக்கோ இரண்டு மனசு. சும்மா பார்த்துவிட்டு வருவோம், பார்ப்பதற்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள் என்றேன்.

பழைய லாரி வாங்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏற்கெனவே ஓடிச் சூடான இன்ஜினை நம்ப மாட்டார்கள். காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போது போய், முதல் தடவை சாவி திருப்பும்போது கிளம்புகிறதா என்று பார்ப்பார்கள். கிளம்பாவிட்டால் 'செல்ஃப் எடுக்கல' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். இவர் கம்ப்யூட்டருக்கும் அதே சட்டம் போட்டார். நாங்கள் வரும்வரை போடக்கூடாது என்று முதல் நாளே கடைக்காரரிடம் சொல்லி வைத்தார். எனக்கு மானம் போனது.

மறுநாள் காலையில் போனோம். பேச்சுக் கொடுக்கும் முன் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். "சூடா இருக்கேப்பா" என்றார். கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். ஆறட்டும் என்று சொல்லிவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரம் டீக்கடையில் உட்காரவைத்தார். திரும்பி வந்து பொத்தானை அழுத்தினால் விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. இரண்டாவது தடவை உள்ளே காற்றாடி முனகிவிட்டு நின்றது. மூன்றாவதில்தான் உயிர் வந்தது.

"செல்ஃப் எடுக்கல" என்றார் இவர்.

காலையில் மட்டும்தான் இந்தத் தகராறு, எடுத்துவிட்டால் நாள் பூராவும் ஓடும் என்று கடைக்காரர் விலையைக் குறைத்தார். இவர் தலையாட்டவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாஷிங் மெஷின் பிழைத்தது என்று நினைத்தேன். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஓட்டிப் பார்க்காமல் போவது மரியாதை இல்லை என்று இவர் உட்கார்ந்தார்.

செருப்பைக் கழற்றினார். நாற்காலியை முன்னால் இழுத்தார். கையை நீட்டி, அங்கே இல்லாத ஒரு கண்ணாடியைத் திருத்தினார். கியர் போட்டார், இடது கால் வழுக்கியது, திரையில் லாரி ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. இவர் முகம் வெளுத்துப்போய் முன்னால் பார்த்தார். அங்கே வாட்ச்மேன் இல்லை, தூண் இல்லை. சாலையோரப் புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து வைத்து மறுபடி எடுத்தார். மறுபடி நின்றது. நாலாவது தடவை நகர்ந்தது. இங்கே அந்தக் கால் எத்தனை தடவை வழுக்கினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கம்பெனி லாரியில் குடும்பத்தை ஏற்றக்கூடாது என்று விதி. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் நான் ஏறியதில்லை. மழை தூற ஆரம்பித்தது, வைப்பர் போட்டார். தூரத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் சாம்பல் நிறம். கிட்டப் போகப் போக அதிலிருந்து ஒரு மரம் வந்தது, பிறகு ஒரு வீடு, பிறகு முழு மலையே வந்தது. பழைய பெட்டி, எல்லாம் லேட்டாகத்தான் வரும் என்று கடைக்காரர் கூச்சத்தோடு சொன்னார். "விடியக்காலைல மலை இப்படித்தாம்ப்பா வரும்" என்றார் இவர். ஒரு வளைவில் கீழே ஏரி தெரிந்தது. கரையில் யாரோ விளக்கேற்றியிருந்தார்கள். மழைச் சத்தமும் இன்ஜின் சத்தமுமாக, கடை எங்கே போனதென்று எனக்குத் தெரியவில்லை. வளைவுக்கு வளைவு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இதையெல்லாம் பார்த்துவிட்டா வீட்டுக்கு வந்து 'ரோடு பரவால்ல' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டிருந்தார் இந்த மனுஷர்?

கடைசியில் ஒரு குடோன் வந்தது. லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். கண்ணாடியைப் பார்த்தபடி, யாரையும் திரும்பிப் பார்க்காமல், "வரலாமா?" என்றார்.

கடைக்காரர் விழித்தார். மேஜைக்குக் கீழே இடது கால் மிதித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். நான் முதுகைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன். கூரை வரைக்கும் உடைந்த பிரிண்டர்கள்.

"வரலாம்" என்றேன். "வரலாம், வரலாம்."

லாரி வந்தது. திரையில் இருந்த சின்னக் கண்ணாடியில் சுவர் நெருங்கியதும் மேஜையை இரண்டு தட்டுத் தட்டினேன். நின்றது. இவர் என்னையே பார்த்தார்.

பிறகு எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். "போலாம் வா. செல்ஃப் எடுக்காத வண்டி நமக்கு வேணாம்."

"மூணாவது தடவை எடுக்குதுல்ல? உங்களுக்கு என்ன, நேரத்துக்கு லோடு இறக்கணுமா?" என்றேன். கடைக்காரரிடம், பெட்டியைக் கட்டச் சொன்னேன்.

இன்னும் வாளியில்தான் துணி கும்முகிறேன். மழைநாளில் அது காயாமல் நாறும்போது என்னை நானே திட்டிக்கொள்வேன். பெட்டி தினமும் மூன்றாவது தடவைதான் எடுக்கிறது, குளிர் நாளில் நாலாவது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் இவர் படுத்திருந்தார். கால் மெத்தையை மிதித்தது, நடுங்கியது. "வரலாமா?" என்றார். துணி அலசிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வந்து கட்டிலருகே நின்று, வரலாம், வரலாம் என்று மெதுவாகச் சொன்னேன். கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். உணர்ச்சியே இல்லை என்று டாக்டர் சொன்ன அந்தக் கால் மெல்ல மேலே வந்தது. இவர் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினார்.