தலைகீழா நின்ன ஃபிரிட்ஜும் தபால் அங்கிளும்

தீயைப் பத்த வச்சு ஐஸ் கட்டி உண்டாக்குற தொழில் என்னுது. சொன்னா பாதிப் பேரு அதை நம்ப மாட்டாங்க, மீதிப் பேரு என்னையே நம்ப மாட்டாங்க.

கேரவனுக்குள்ள இருக்கிற ஃபிரிட்ஜ், கரண்ட் இல்லாத கடற்கரையிலயும் கேஸ்ல ஓடும். பின்னாடி விரல் நுனி அளவுக்கு ஒரு நீலத் தீ எரியும். அந்தச் சூட்டுல குழாய்க்குள்ள இருக்கிற அம்மோனியா கிளம்பி ஒரு சுத்து வந்து, உள்ளே குளிர வைக்கும். அந்தச் சுத்து நின்னு போச்சுன்னா எனக்கு போன் வரும். ஜெலுத்தோங்ல நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரு சின்னப் பட்டறை வச்சிருக்கோம். அவரு வண்டி ஓட்டுவாரு, பாரம் தூக்குவாரு. ஃபிரிட்ஜைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சது அதைத் தொறந்து தண்ணி குடிக்கிறது மட்டும்தான். ஆனா போற எடமெல்லாம் அவரு மூஞ்சியைப் பார்த்துதான், "என்னாண்ணே கோளாறு?"ன்னு கேப்பாங்க. அவரு என் பக்கம் கையைக் காட்டுவாரு. அடுத்தவங்க வீட்டுக்குப் போயி வேலை பாக்குறவங்க யாராச்சும் இதைப் படிச்சீங்கன்னா, என் பாடு உங்களுக்கு விளக்கணும்னே இல்ல. போன மாசம் ஒரே வாரத்துல நான் பட்ட பாட்டை மட்டும் சொல்றேன், கேளுங்க.

சிரசாசனம்

ஒரு சனிக்கிழமை ஆயர் ஈத்தாம்லேருந்து ராஜேஸ்வரி டீச்சர் கூப்பிட்டாங்க. ரிட்டையர் ஆகி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அவங்க வீட்டுக்காரர் சிங்காரம் அங்கிள் தபால் ஆபீஸ்ல முப்பது வருஷம் ஊர்வாரியா கடிதம் பிரிச்சு, பார்சல் கட்டினவரு. கிழக்குக் கரையில இருக்கிற திரெங்கானுவுக்குப் போன கடிதமெல்லாம் அவரு கை பட்டுத்தான் போச்சு, அவரு மட்டும் ஒரு நாளும் போகல. அதுக்குன்னே ரெண்டு பேரும் காருக்குப் பின்னால கட்டி இழுக்கிற பழைய கேரவன் ஒண்ணு வாங்கிட்டாங்க. அடுத்த சனிக்கிழமை காலையில கெளம்பணும். சிக்கல் என்னன்னா, அங்கிள் இன்சுலின் போடுறவரு. மருந்து ரெண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவுல இருக்கணும். கோலாலம்பூர்ல இருக்கிற அவங்க மக வாணி கறாரா சொல்லிடுச்சு: வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் காலையில ஃபிரிட்ஜுக்குள்ள தெர்மாமீட்டர் வச்சுப் படம் அனுப்பணும், எட்டைத் தாண்டினா பயணம் கிடையாது.

நான் போயி பாத்தா, தீ அழகா எரியுது, குழாய் சுடுது, உள்ளே மட்டும் அடுப்பங்கரை மாதிரி வெக்கை. வருஷக்கணக்கா சும்மா கெடந்ததுல குழாய்க்குள்ள இருக்கிற அம்மோனியா ஒரு பக்கமா தங்கிப் போச்சு. இதுக்கு வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான். ஃபிரிட்ஜைக் கழட்டி ஒரு நாள் தலைகீழா நிக்க வைக்கணும். பட்டறைக்குக் கொண்டாந்து கவுத்து வச்சேன். மறுநாள் அங்கிள் நலம் விசாரிக்க வந்தாரு. கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜைப் பாத்தாரு, அப்புறம் என்னைப் பாத்தாரு.

"ஏம்மா செல்வி, இதுக்கு நான் யோகா வாத்தியார்கிட்டயே கூட்டிட்டுப் போயிருப்பேனே!"

சத்தமே இல்ல

அன்னிக்கு சாயந்திரம் செபராங் ஜெயாவுலேருந்து ஒருத்தரு. "அக்கா, புது ஃபிரிட்ஜ் செத்துப் போச்சு, ஒரு சத்தமும் இல்ல, உடனே வாங்க லா!" கடல் பாலம் தாண்டி அந்த நெரிசல்ல ஊர்ந்து போயி கதவைத் தொறந்தா, உள்ளே தண்ணி பாட்டில் மேல பனி பூத்திருக்கு. கேஸ் ஃபிரிட்ஜுல மோட்டார் கிடையாது, அதனால சத்தமும் வராதுன்னு பொறுமையா சொன்னேன். அவரு நம்பல. காதை ஃபிரிட்ஜோட முதுகுல ஒட்டி வச்சுக்கிட்டு, "இல்லக்கா, எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு"ங்கிறாரு. பாட்டிலை எடுத்து அவரு கன்னத்துல வச்சேன். "அலாமாக்!"னு துள்ளினாரு. அப்பவும் மனசு ஆறல. அவரு சம்சாரம்தான் வாசல் வரைக்கும் வந்து என்னை வழியனுப்பி வச்சாங்க.

"அவரு ஒரு தட்டு கழுவினா தெரு முழுக்கக் கேக்கும்க்கா, அதான் சத்தம் போடாம வேலை நடக்கும்னு அவரால நம்ப முடியல."

பொட்டு

திங்கக்கிழமை டீச்சரோட ஃபிரிட்ஜை நிமித்தி, சில மணி நேரம் விட்டு, தீ வச்சுப் பாத்தேன். லேசா குளிர்ந்துச்சு, ஆனா பத்தாது. மறுபடியும் கவுத்துட்டேன். டீச்சருக்கு போன் பண்ணிச் சொன்னப்ப, "வியாழனுக்கு இன்னும் மூணே நாளும்மா"ன்னாங்க. சரி, கெடக்கட்டும்னு நிபோங் திபாலுக்கு வண்டிய விட்டோம்.

அங்க ஒரு அம்மா புதுசா வாங்கின கேரவனுக்கு பூசை போட்டிருக்காங்க. பூசணிக்கா உடைச்சு, எலுமிச்சம்பழத்து மேல சக்கரம் ஏத்தி, எல்லாம் முறையா முடிஞ்சுது. அன்னையிலேருந்து ஃபிரிட்ஜ் பத்தவே மாட்டேங்குது. வெளிப்பக்கச் சின்னக் கதவைத் தொறந்தேன். பர்னர் மேல சந்தனம், அதுக்கு நடுவுல அம்சமா ஒரு குங்குமப் பொட்டு! கேஸ் வர்ற ஓட்டை ஊசி முனை அளவுதான் இருக்கும். அது சுத்தமா அடைச்சுப் போச்சு. கழட்டி, கழுவி, காத்தடிச்சு மாட்டினேன், ஒரே தட்டுல நீலமா பத்திக்கிச்சு. "ஏம்மா, கதவைத் தொறந்து உள்ளேயா வைக்கிறது?"ன்னு கேட்டேன். அந்தம்மாவுக்கு என் மேல கோவம் வந்துடுச்சு.

"நெருப்பு இருக்கிற எடம்மா அது, டயருக்கெல்லாம் வச்சுட்டு அக்கினி பகவானுக்கு வைக்காம வந்தா அவரு சும்மா இருப்பாரா?"

கன்னி மூலை

செவ்வாக்கிழமை பத்து காவான்ங்கிற ஊருக்குப் போனோம். புது வீடு, வாசல்ல புது கேரவன், அதுக்குச் சொந்தக்காரரு கணேசன் சார். ஃபிரிட்ஜ் ரெண்டு வாரமா குளிரலையாம். உள்ளே ஏறினதுமே எனக்குக் கால் ஒரு பக்கமா இழுத்துச்சு. கீழ எறங்கிப் பாத்தா, ஒரு சக்கரத்துக்கு அடியில மட்டும் ரெண்டு செங்கல். கேட்டா, "கன்னி மூலை ஒசந்து, ஈசானிய மூலை தாழ்ந்து இருக்கணும்மா. வாஸ்து"ங்கிறாரு. ரசமட்டத்தை ஃபிரிட்ஜ் உள்ளே வச்சுக் காட்டினேன். குமிழி ஒரு ஓரமா போயி ஒட்டிக்கிச்சு. "சார், இதுல இருக்கிறது தானா வழிஞ்சு ஓடணும். வண்டி சாஞ்சா அது நின்னு போயிடும்"னு தலையால தண்ணி குடிச்சுப் பாத்தேன். மனுஷன் அசையல.

அப்பத்தான் எங்க வீட்டுக்காரரு, அதுவரைக்கும் வாயே தொறக்காதவரு, மெதுவா கேட்டாரு: "சார், நாளைக்கு வண்டியத் திருப்பி நிறுத்தினா கன்னி மூலை எங்க போகும்?" கணேசன் சார் வானத்தைப் பாத்தாரு, வண்டியைப் பாத்தாரு, கடைசியில அவரே குனிஞ்சு செங்கல்லை உருவினாரு. எனக்கு அந்த நிமிஷம் எங்க வீட்டுக்காரர் மேல வந்த ஆசை கல்யாணத்தன்னிக்குக்கூட வரல. மறுநாள் காலையில போன் வந்துச்சு, ஃபிரிட்ஜ் ஜில்லுன்னு இருக்காம்.

"ஆனா தங்கச்சி, இனிமே வீட்டுல எது கெட்டது நடந்தாலும் உங்களுக்குத்தான் போன் போடுவேன்."

பார்சல்

ரெண்டாவது சிரசாசனம் பலிச்சுது! புதன்கிழமை டீச்சரோட ஃபிரிட்ஜ் பட்டறையிலயே நல்லா குளிர்ந்துச்சு. நானும் அவருமா தூக்கிட்டுப் போயி கேரவன்ல மாட்டி, மட்டம் பாத்து, சோப்புத் தண்ணி தடவி கேஸ் கசியலன்னு உறுதி பண்ணிட்டு, சந்தோஷமா வீட்டுக்கு வந்தோம். வியாழக்கிழமை காலையில படம் வந்துச்சு. ஒன்பது டிகிரி.

விழுந்தடிச்சு ஓடினேன். வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தா, ஃபிரிட்ஜுக்கு நேரா வெளியில இருக்கிற காத்துத் தட்டியைக் காணோம். அந்த எடத்துல பழுப்புத் தாள் ஒட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு, குறுக்கயும் நெடுக்கயும் நூல் கட்டி ஒரு பார்சல்! "அங்கிள்!"னு போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது. உள்ளே தீ எரியுது, அந்தச் சூடு வெளிய போற வழியே அதுதான், அடைச்சா ஃபிரிட்ஜும் குளிராது, ஆளுக்கும் ஆபத்துன்னு மூச்சு விடாம திட்டினேன். பாவம், தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. அதைப் பிரிக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆச்சு, அவ்வளவு நேர்த்தி. வெக்கையை இழுத்து வெளிய தள்ள ஒரு குட்டி விசிறியும் மாட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அஞ்சு டிகிரி. ஆனா வாணி, "ஒரு நாள் ஒன்பது காட்டின பொட்டியை நான் நம்ப மாட்டேன், நானே வந்து பாக்குறேன்"னு சொல்லிடுச்சாம். டீச்சர் இதைச் சொல்லும்போது குரல் உடைஞ்சுது. அங்கிள்தான் பக்கத்துல நின்னு அவங்களுக்குச் சமாதானம் சொன்னாரு.

"குளிரு அந்த ஓட்டை வழியா வெளிய போயிடப் போவுதேன்னுதான் கட்டினேன் ராஜி, முப்பது வருஷத்துல நான் கட்டின எதுவும் ஒழுகினது கிடையாது."

சனிக்கிழமை

டீச்சர் என்னைப் பக்கத்துலயே இருக்கச் சொன்னாங்க. காலையில ஏழு மணிக்குப் போயிட்டேன். அங்கிள் புதுச் சட்டை போட்டு, காரோட முன் சீட்டுல ஏறி, பெல்ட்டும் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. இன்னும் எஞ்சினே போடல. வாணி சொந்தமா ஒரு தெர்மாமீட்டர் கொண்டாந்து முந்தின நாளே உள்ளே வச்சிருந்துச்சு. கேரவனுக்குள்ள ஏறிச்சு. நானும் டீச்சரும் பின்னாலயே ஏறினோம். டீச்சர் என் கையைப் பிடிச்ச பிடியில வளையல் அழுந்துச்சு.

வாணி கதவைத் தொறந்துச்சு. நாலு டிகிரி! எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அந்தப் பொண்ணு நகரல. மூக்கை உறிஞ்சுச்சு. எனக்கும் வந்துச்சு அந்த வாசனை. இன்சுலின் டப்பாவுக்குப் பின்னால, மூடி போட்ட பெரிய டப்பா ஒண்ணு. உள்ளே நெறைய டுரியான் பழச் சுளை, மஞ்சளா, கொழுகொழுன்னு, அத்தனையும் சக்கரை. விடியக்காலையில யாருக்கும் தெரியாம வச்சிருக்காரு மனுஷன். "அப்பா!"ன்னு வாணி கத்துச்சு. கார் முன் சீட்டுலேருந்து எறங்காமலே பதில் வந்துச்சு: "மருந்து அவ்வளவு தூரம் சும்மாவே உக்காந்து வரணுமா வாணி? அதுக்கும் ஒரு வேலை வேணாமா?"

டீச்சர் தலையில கை வச்சுக்கிட்டாங்க. வாணி மூஞ்சிய கடுகடுன்னு வச்சிருக்கத்தான் பாத்துச்சு, முடியல. கேரவன் தரையிலயே உக்காந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சுது. அப்புறம் எழுந்து மருந்தை நடுத்தட்டுல நகத்தி வச்சு, டுரியான் டப்பாவைக் கையில இடுக்கிக்கிட்டு, கதவை மெதுவா சாத்திச்சு.

"இது என்கூட கோலாலம்பூர் வருது, நீங்க ரெண்டு பேரும் வெயில் ஏறதுக்குள்ள கெளம்புங்க."

ஒரு வாரம் உசுரக் கொடுத்து அந்த ஃபிரிட்ஜைக் குளிர வச்ச எனக்கு, அந்த டப்பாவுலேருந்து ஒரே ஒரு சுளை எடுத்துக் கொடுப்போம்னு அங்க ஒருத்தருக்கும் தோணல பாருங்க.